முன்னால் நின்றவரின் ஈரம்

கேள்வி கேட்பதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "திருவண்ணாமல வண்டி போய்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் டீக்கடைப் பக்கம் நடந்துவிடுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். பதில் சொன்னவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். (என் அம்மா இதில் கைதேர்ந்தவர். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவார்.)

மனிதர்களிடம் இப்படிச் செய்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மெஷினிடம் செய்யக் கூடாது. மெஷின் சொன்ன பதிலைக் கீழே போடாது. நாம் வாங்கிக்கொள்ளும்வரை கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் போய் வேறு ஒரு கேள்வி கேட்டால், அந்தப் பழைய பதிலைத்தான் முதலில் எடுத்து நீட்டும். இதை நான் கல்லூரியிலேயே படித்தேன். பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். ஆனால் எனக்குப் புரிந்தது செஞ்சியில், விழுப்புரம் ரோட்டில் இருக்கிற ஒரு நெல் மண்டியில், ஊரே கூடி நிற்க, என் நைனாவின் மானம் கப்பலேறிய அன்றுதான்.

அப்போது நான் படிப்பு முடித்து, சென்னையில் அளவுக் கருவிகள் விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தேன். நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்கிற மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை வாங்கியவர் செஞ்சி மண்டி முதலாளி தணிகாசலம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்தானேம்மா? நீயே போய் மாட்டிக் கொடுத்துட்டு வா. நல்லபடியா முடிஞ்சா உன்னை பர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார்.

தணிகாசலம் முதலாளி மெஷின் வாங்கியதற்கு விஞ்ஞான ஆர்வம் காரணமில்லை. பல்தான் காரணம். காலம் காலமாக அவர் மூட்டையில் குத்தூசியைச் செருகி, வருகிற நெல்மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துத்தான் ஈரம் பார்ப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் வைத்தியம் செய்து தொப்பி மாட்டிய டாக்டர், "இனிமே நெல்லு கடிச்சா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டாராம்.

முதலாளிக்கு இரண்டு ஆசைகள். கொட்டகையில் தூசிக்குள் நிற்காமல், முற்றத்துக்கு அந்தாண்டை இருக்கும் தன் கண்ணாடி ரூமில் ஏசியில் உட்கார்ந்துகொண்டே ஈரம் பார்க்க வேண்டும். அளந்த எண், வெளியே மாட்டிய பெரிய எலெக்ட்ரிக் போர்டில் பேரோடு ஓட வேண்டும். இரண்டும் முடியும் என்றேன். கொட்டகையில் மெஷின், கண்ணாடி ரூமில் கம்ப்யூட்டர், நடுவில் ஒரு நீள ஒயர். "மெஷின் மூஞ்சில நம்பர் தெரியக் கூடாதும்மா. மூட்டை தூக்கறவன்லாம் எனக்கு முன்னாடி பாத்துருவான்" என்றார். அதற்கும் கட்டளை இருக்கிறது, மெஷினின் திரையையே அணைத்துவிட்டேன். (அது அணையாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

இந்த இடத்தில் அந்த மெஷினின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் "ஈரம் எவ்வளவு?" என்று ஒயர் வழியாகக் கேட்கும். மெஷின் அளந்து, பதிலை ஒரு வரிசையில் நிறுத்தும். கம்ப்யூட்டர் அதைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் அது அங்கேயே நிற்கும், அடுத்த பதில் அதன் பின்னால் போய் நிற்கும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை உண்டு. அது புகார் வரிசை. நாம் எதையாவது தப்பும் தவறுமாகச் சொன்னால் மெஷின் நம்மோடு சண்டைக்கு வராது, அந்த வரிசையில் ஒவ்வொன்றாக எழுதி வைக்கும். நாம் போய்க் கேட்டால் பழைய புகாரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லும்.

இந்த இரண்டு வரிசைக்கும் வாசலில் மாட்டிய சிலேட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் பெயர்தான் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர். ரேஷன் கடை வாசலில் 'சர்க்கரை உண்டு, பாமாயில் இல்லை' என்று எழுதிப் போடுவார்களே, அதே வேலைதான். அதில் ஒரு கட்டம், 'பதில் ஒன்று காத்திருக்கிறது' என்று சொல்லும். இன்னொரு கட்டம், 'புகார் இருக்கிறது, வந்து பார்' என்று சொல்லும். சிலேட்டைப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போக வேண்டும். ரேஷன் கடைக்குப் போகிற யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. இன்ஜினியருக்குத்தான் தேவைப்பட்டது.

நான் அடியோடு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முந்தின நாள் ஒரே ஒரு தடவை பார்த்தேன். 'தப்பு நடந்திருக்கிறது' என்று காட்டியது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை படித்தேன். 'ஒன்றுமில்லை' என்றது. அப்பாடா, தானாகவே சரியாகிவிட்டது என்று டீ குடிக்கப் போனேன். (அந்தத் தப்புப் பதிவை ஒரு தடவை படித்தாலே அது தன்னைத் துடைத்துக்கொள்ளும் என்பது மாடு மேய்க்கிறவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

ஆனால் புகார் வரிசை அப்படியே இருந்தது. அதனால் மெஷினின் நெற்றியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் 'பீப்' என்று கத்தியது. "வாயை மூடு" என்று ஒரு கட்டளை அனுப்பினேன். நான் சொன்னதில் அது ஒழுங்காகக் கேட்டது அதை மட்டும்தான்.

திறப்பு விழா அன்று காலையில் முதலாளி அந்த விளக்கைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது? நல்ல நாளு அதுவுமா?"

"அது வந்து சார்... மெஷின் உயிரோட இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். எங்கிருந்துதான் எனக்கு இப்படி வாயில் வருகிறதோ!

முதலாளியம்மா தட்டோடு வந்தார். மெஷினுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைக்க விரலை நீட்டினார். எனக்கு மூளை வேலை செய்தது. "அம்மா, நெத்தி இங்க இருக்குது" என்று அவர் விரலைச் சரியாக அந்த விளக்குக்கு நேராகக் கொண்டுபோனேன். நன்றாக அழுத்தி, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சிவப்பின் மேல் சிவப்பு. ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது.

அடுத்தது சாமி நெல். மண்டியில் முதல் அளவு எப்போதும் சாமிக்குத்தான். ஒரு பிடி நெல்லில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமி பேரைச் சொல்லி அளந்துவிட்டுத்தான் ஆட்களுக்கு அளப்பார்கள். தராசானாலும் சரி, மெஷினானாலும் சரி. ஆனால் சாமிக்கு அளந்தது வியாபாரக் கணக்கில் ஏறக் கூடாது. முதலாளி இதை முந்தின நாளே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சாமிகிட்ட போயி கணக்கு பாக்கலாமாம்மா? அளக்கணும், ஆனா நம்பரு வரக் கூடாது."

என் புரோகிராமில் பதிலை வாங்கினாலே அது கணக்கில் ஏறிவிடும். அதனால் சாமிக்கென்றே தனியாக ஒரு பொத்தான் செய்தேன். அதை அமுக்கினால் கேள்வி மட்டும் போகும், பதிலை யாரும் வாங்கப் போவதில்லை. பக்தியையும் இன்ஜினியரிங்கையும் இப்படி இணைத்த ஒரே ஆள் நான்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

முதலாளியம்மா மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பிடியை மெஷினின் டப்பாவில் போட்டார். கற்பூரம் காட்டினார்கள். நான் கண்ணாடி ரூமுக்கு ஓடிப்போய்ச் சாமி பொத்தானை அமுக்கினேன். மெஷின் அளந்தது. அளந்த பதிலை வரிசையில் நிறுத்தியது. யாரும் வாங்கவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

முதல் ஆளாக வந்தவர் மேல்சித்தாமூர்க்காரர். வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற மனிதர். அவர் நெல்லை டப்பாவில் போட்டதும் போர்டில் ஓடியது: ஈரம் 28, காயவைத்து எடுத்து வரவும்.

"இருபத்தெட்டா? நெல்லா, நாத்தங்காலா?" என்றார் அவர். பதினேழுக்கு மேல் போனால் மண்டியில் எடுக்க மாட்டார்கள். முதலாளி கண்ணாடி ரூமிலிருந்து மைக்கில், "மெஷின் பொய் சொல்லாதுங்க, ஓரமா காயப் போடுங்க" என்றார். பாவம், அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தின் ஓரத்தில் தார்ப்பாயை விரித்தார். அவர் தலையில் ஏறியது சாமியின் மஞ்சள் தண்ணீர். அதற்குப் பின் வந்தவருக்கு மேல்சித்தாமூர்க்காரரின் ஈரம். அதற்குப் பின் வந்தவருக்கு அவருடையது. ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்றவரின் ஈரம் வந்துகொண்டேயிருந்தது. எண்கள் எல்லாம் பதினாலு, பதினாறு என்று யோக்கியமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் ஏசியில் உட்கார்ந்து முதலாளியின் ஹார்லிக்ஸ் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு முனுசாமி மாமா வந்தார். எங்கள் தெருக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது விவசாயம். மழைக்குப் பயந்து அறுத்த கையோடு நெல்லை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மூட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தே, சும்மா ஒரு முயற்சிக்கு நின்றார். போர்டில் ஓடியது: முனுசாமி, ஈரம் 14, எடுக்கலாம்.

மாமா போர்டைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிட்டார்.

அவருக்கு அடுத்து நின்றவர் என் நைனா.

நைனா நெல் காயவைப்பதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தார் ரோட்டில் பரப்பி, காலால் கிளறிக் கிளறி, வருகிற லாரியையெல்லாம் வழி மறித்து, நெல் சலசலவென்று சத்தம் போடும்வரை விடமாட்டார். இந்த வருஷம் வேண்டுமென்றே என் திறப்பு விழா நாளுக்காக மூட்டைகளை வீட்டிலேயே வைத்திருந்தார். "எம்பொண்ணு வச்ச மெஷின்ல எந்நெல்லு ஏறணும்" என்று டிராக்டர் பிடிக்கிறபோது தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

போர்டில் ஓடியது: ஏகாம்பரம், ஈரம் 22, காயவைத்து எடுத்து வரவும்.

கூட்டத்தில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். "ஏகாம்பரம் நெல்லுக்கே இருபத்திரண்டா? அப்ப நாமல்லாம் குளத்தத்தான் கொண்டாந்திருக்கோம்" என்றது ஒரு குரல். நைனா மெதுவாக நடந்து கண்ணாடி ரூமுக்கு வந்தார். கதவைத் திறந்து உள்ளே வரவில்லை. வெளியிலேயே நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இருபத்திரண்டா, பாப்பா?"

அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த மனிதர் ரோட்டில் நெல்லோடு நெல்லாகக் காய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மெஷின் சொல்லுது, நைனா."

இதை எழுதும்போதுகூட என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நைனா திரும்பி நடந்தார். கொட்டகைக்குப் போய், அதே மூட்டையிலிருந்து இன்னொரு பிடியை எடுத்து டப்பாவில் போட்டார். "இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். நான் பொத்தானை அமுக்கினேன். முதல் தடவை அளந்த அவருடைய சொந்த ஈரம் இப்போதுதான் வந்து சேர்ந்தது: ஏகாம்பரம், ஈரம் 13, எடுக்கலாம்.

அவ்வளவுதான். மண்டியே பொங்கிவிட்டது.

"ஒரே மூட்டை, ரெண்டு நம்பரு! எப்படி?"

"எப்படின்னா? உள்ள யாரு குந்திகினு இருக்குது? அவரு பொண்ணுதான்!"

"அப்பன் மூஞ்சி சுருங்கன ஒடனே பொண்ணு மாத்திட்டுது."

மேல்சித்தாமூர்க்காரர் ஓரத்திலிருந்து எழுந்து வந்தார். "அப்படின்னா எனக்கும் இன்னொரு தடவை பாருங்க" என்று தன் நெல்லைப் போட்டார். வந்தது 13, நைனாவின் இரண்டாவது பிடி. "காலையில இருபத்தெட்டு, இப்ப பதிமூணு. அப்ப எதுக்குங்க என்னை இவ்ளோ நேரம் ஓரமா குந்த வச்சீங்க?" என்று அவர் குரலை உயர்த்தாமல் கேட்டது, மற்றவர்கள் கத்தியதைவிடப் பயமாக இருந்தது.

முதலாளி ஏசியை விட்டு எழுந்து கொட்டகைக்கு ஓடினார். மெஷினின் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். "இப்ப பாரும்மா!" என்று கத்தினார். நான் அமுக்கினேன். போர்டில் ஓடியது: ஈரம் 14, எடுக்கலாம்.

காலி டப்பாவை எடுக்கலாமாம். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமாம். அடுத்த தடவை அமுக்கியபோதுதான் பூஜ்யம் வந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. ஒன்று தள்ளி வருகிறது. எல்லாமே ஒன்று தள்ளி வருகிறது! காலையிலிருந்து, சாமி பொத்தானிலிருந்து!

முதலாளி நைனாவைப் பார்த்து, "ஏகாம்பரம், ஒன்னப் போயி அப்படி நெனைக்கலையே நான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நைனா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். டிராக்டர்க்காரரிடம், "வண்டியத் திருப்புப்பா" என்றார். ராஜகிரி மேல் மேகம் இறங்கியிருந்தது. கோட்டை மலை கண்ணுக்குத் தெரியாமல் போனால் மழை வந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த நெல்லைத் தூக்கிக்கொண்டு, திருட்டுப் பட்டத்தோடு, மழையில் வீட்டுக்குப் போகப் போகிறார். மூட்டை நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம். பட்டத்தை எந்த ரோட்டில் போட்டுக் காயவைப்பது? (நல்லவேளையாகப் பின்னால் நின்ற வண்டிகள் இடம் கொடுக்கவில்லை. செஞ்சி டிராஃபிக் என் குடும்பத்துக்குச் செய்த ஒரே உதவி அது.)

என்னிடம் ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாகத் துடைக்கும் கட்டளை ஒன்று அந்த மெஷினில் உண்டு. அதை அனுப்பினால் பதில் வரிசை காலி, புகார் வரிசையும் காலி, சிவப்பு விளக்கு அணைந்துவிடும். 'மெஷின் சூடாகிவிட்டது சார், இப்போது சரி' என்று சொல்லித் தப்பிக்கலாம். வேலையும் பர்மனென்ட். கரண்ட் ஒரு நிமிஷம் போயிருந்தாலும் இதே பலன்தான். எங்கள் ஊரில் தும்மினாலே கரண்ட் போகும், அன்றைக்கென்று கல்லுக்குண்டு மாதிரி நின்றது. விரல் அந்தக் கட்டளை வரைக்கும் போய்விட்டது. ஆனால் துடைத்தால் என் முட்டாள்தனத்துக்கான சாட்சியும் போய்விடும், நைனா மேல் இருக்கிற பழி மட்டும் அப்படியே நிற்கும். வேறு யார் சாட்சி சொல்வார்கள்? நடந்ததை எழுதி வைத்திருப்பது அந்த மெஷின் ஒன்றுதான்.

ஓடிப்போய் மெஷின் நெற்றியில் இருந்த குங்குமத்தைத் துப்பட்டாவால் துடைத்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. "ஐயோ, சாமி பொட்ட அழிக்குது!" என்று முதலாளியம்மா அலறினார். "சார், ரூமுக்கு வாங்க. மெஷின் என்னைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்குதுன்னு நீங்களே பாருங்க" என்று முதலாளியைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். பதில் வரிசையில் மிச்சமிருந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, புகார் வரிசையை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன்.

முதலாளிக்கு மட்டும் ரகசியமாகக் காட்டுவதாகத்தான் எண்ணம். மெஷின் எது சொன்னாலும் அது போர்டில் ஓடும்படி புரோகிராம் எழுதியது நான்தான் என்பது மறந்தே போய்விட்டது.

வெளியே சட்டென்று சத்தம் அடங்கியது. போர்டில் ஆளுயர எழுத்தில் இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருந்தது. முனுசாமி மாமா, ஸ்டாப்பிங் பேர் சொல்கிற அதே கண்டக்டர் குரலில், எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா அர்த்தம் இதுக்கு?"

வெளியே வந்தேன். வேறு வழி? "நான் சொன்ன கட்டளை அதுக்குப் புரியலயாம், மாமா. எழுத்து தப்பாம்."

"யாரு எழுத்து?"

"என் எழுத்து."

அடுத்தது ஓடியது. "இது?"

"இதுவும் அதேதான். வேற எடத்துல தப்பு."

"இது?"

"நான் குடுத்த எண்ணு அதோட அளவுக்கு மீறிப் போச்சாம்."

"நல்லா கவனமாத்தான் எழுதியிருக்குது" என்றார் மேல்சித்தாமூர்க்காரர். என்னைச் சொல்லவில்லை, மெஷினைச் சொன்னார்.

அடுத்து வந்த வரிதான் எனக்கு வேண்டியது. அதே வரி திரும்பத் திரும்ப ஓட ஆரம்பித்தது. கூட்டம் முழுக்க இப்போது என் வாயைப் பார்த்தது. நைனாவும் பார்த்தார், டிராக்டரில் ஒரு கையை ஊன்றியபடி. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சத்தமாகச் சொன்னேன். "முதல் பதில வாங்காமலே அடுத்த கேள்விய கேக்கறேன்னு சொல்லுது. காலையில சாமி நெல்லுக்கு அளந்துட்டு, அந்த நம்பர நான் எடுக்காம வுட்டுட்டேன். அது அடுத்த ஆளுக்குப் போச்சு. அவரோடது அதுக்கடுத்த ஆளுக்கு. எல்லாருக்கும் அவங்கவங்களுக்கு முன்னாடி நின்னவங்க ஈரம்தான் வந்துது. ஒவ்வொரு தடவையும் அது புகார் எழுதிச்சு. நான்தான் பாக்கல. எங்க நைனாவுக்காக நான் எதையும் மாத்தல. மாத்தற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தா, அவருக்கு மொதல் தடவையே சரியா வந்திருக்குமே!"

மேல்சித்தாமூர்க்காரர்தான் முதலில் கணக்குப் போட்டார். "அப்ப எனக்கு வந்த இருபத்தெட்டு சாமியோடது. சரி. ஏகாம்பரத்துக்கு வந்த இருபத்திரண்டு யாரோடது?"

எல்லாத் தலையும் முனுசாமி மாமா பக்கம் திரும்பியது. மாமாவுக்கு அதன் பிறகு இங்கிலீஷ் வாசிக்க வரவில்லை.

போர்டில் கடைசி வரி ஓடி நின்றது. "இது இன்னாம்மா சொல்லுது?" என்று முதலாளியே கேட்டார்.

"வரிசை நிரம்பிடுச்சாம் சார். இதுக்கு மேல எழுத எடமில்லயாம்."

முதலில் சிரித்தது நைனாதான். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்துக்கோங்கப்பா! எம்பொண்ணு திருடி கெடையாது. மக்குதான்! போர்டுலயே போட்டாச்சு!"

இவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவமானத்துக்கு வந்ததா, நைனாவின் முகம் தெளிந்ததற்கு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தூறல் ஆரம்பித்தது. இனி மெஷினை நம்ப யாரும் தயாராக இல்லை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார், மேலே வானத்தைப் பார்த்தார், குத்தூசியை எடுத்தார். நைனாவின் மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்தார். 'டக்' என்றது. நெல்லா, பல் தொப்பியா என்று எனக்குப் பயம். நெல்தான். "எறக்குங்கப்பா" என்று கையைக் காட்டினார். அன்றைக்கு மிச்சமிருந்த வண்டிகளையெல்லாம் பல்லாலேயே பார்த்து முடித்தார். முனுசாமி மாமா பல்லுக்குக் காத்திருக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனியில் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. பர்மனென்ட் ஆக ரொம்ப நாள் பிடித்தது என்பது மட்டும் போதும். அந்த வாரமே புரோகிராமைத் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் சிலேட்டைப் பார்த்து, பதிலைக் கையோடு வாங்கும்படி மாற்றிக் கொடுத்தேன். சாமி நெல்லின் பதிலையும் வாங்கித்தானே ஆக வேண்டும்? வாங்கினால் போர்டில் ஓடுமே? முதலாளி யோசித்து, "ஓடட்டும். கணக்குல ஏறாம இருந்தா போதும்" என்று உத்தரவு கொடுத்தார். அதனால் இன்றைக்கும் ஒவ்வொரு அறுப்புக்கும் அந்த மண்டியில் முதல் வரி இப்படித்தான் ஓடுகிறது: சாமி, ஈரம் 28, காயவைத்து எடுத்து வரவும். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் எதைப் பற்றியாவது அடித்துச் சொன்னால், அம்மா உடனே, "மெஷின் சொல்லுது, நைனா" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இந்தக் கதையைக் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். (அதற்கப்புறமும் அவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள்.)

போன மாதம் நைனாவைச் சர்க்கரை பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முடிவை வாங்கிப் பார்த்தேன். எகிறியிருந்தது. "நைனா, இனிமே இனிப்பத் தொடக் கூடாது" என்றேன். அவர் தாளை வாங்கி, தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் போய் நின்றார்.

"யம்மா, எனக்கு முன்னாடி இங்க யாரு குந்தியிருந்தது?"

"ஏன் ஐயா?"

"இது அவரு சக்கரை. அவரக் கூப்ட்டுக் குடுத்துரு. நீ சின்னப் பொண்ணு, ஒன்னும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, என்னைக் காட்டினார். "தோ நிக்கிது பாரு, எங்க வூட்டு இன்சினியரு. இதுவே அப்படித்தான் பண்ணிச்சு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு சொட்டு எடுத்தாள். அதே எண்தான் வந்தது. நைனா அதையும் பார்த்தார். வெளியே வந்து, நேராக எதிர்க்கடைக்குப் போய், "ஒரு மைசூர்பாகு குடுப்பா" என்றார்.

"நைனா! ரெண்டு வாட்டியும் அதே நம்பர்தான் வந்துது!"

"ரெண்டாவது வந்துதே, அதுதான் என்னோட மொதல் ரத்தம்" என்றார், வாயில் போட்டுக்கொண்டே. "இப்ப எடுத்த சொட்டு இன்னும் வரிசையிலதான் நிக்குது. மூணாவது பாத்தாத்தான் சரியாத் தெரியும். நீதானே சொல்லிக் குடுத்த?"